தேங்காய் திரும்பி வந்த கணக்கு

பத்தாங் பெர்ஜுந்தாய்
செப்டம்பர் 3

அன்பு மகள் கங்காவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இத்தனை பக்கமும். ஆனால் அதை நேராகக் கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இருபத்தாறு வருஷமாக லோரி ஓட்டி, செம்பனை ஆலையில் குலை நிறுக்கிற சீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் வேறு எதுவும் எழுதியதில்லை. எழுத்து அப்படியும் இப்படியும் போனால், தோட்டத்து மண்பாதையில் லோரி போகிறது என்று நினைத்துக்கொள்.

இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது நீ போனை எடுத்து. நான் அனுப்புகிற செய்திக்கு ஒரு டிக்தான் விழுகிறது. அம்மா குளிக்கப் போனால்கூட போனை வெளியே நாற்காலியில் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டுத்தான் போகிறாள். நேற்று யாரோ கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டு அழைத்தார்கள். அம்மா ஈரத் தலையோடு ஓடி வந்து எடுத்து, அந்தப் பெண்ணிடம் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டாள்.

கடைசியாகப் பேசியபோது பிசிக்ஸ் சோதனையில் நூற்றுக்கு இருபத்திரண்டு என்று சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நல்லாப் படிச்சா வரும்லா" என்றேன். நீ, "உங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா, விடுங்க" என்றாய். எனக்குக் கோபம் இல்லை. அது உண்மைதானே. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். அறிவியல் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கை ஆசிரியர் வகுப்பில் வாசிக்காமலே விட்டார். அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அய்னாவைக் கோபித்துக்கொள்ளாதே. உன் விடுதி அறையில் கூடத் தங்கியிருக்கிற பிள்ளை, அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவள்தான் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டாள். பாக்சிக் என்று மலாயில் மாமா முறை வைத்து, கங்கா சரியாகச் சாப்பிட வருவதில்லை, வகுப்பு முடிந்ததும் நாலாவது மாடிப் படிக்கட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள், இருபத்தொன்பதாம் தேதி பிசிக்ஸ் பேப்பர் எழுதப் போவதில்லை என்கிறாள் என்று சொன்னாள். அந்தப் பேப்பரை எழுதாவிட்டால் படிப்பு அதோடு போய்விடும் என்று எனக்கும் தெரியும். நான் அதைப் பற்றி இப்போது பேசவில்லை. மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று போகிறாய் போலிருக்கிறது. காற்று கீழேயும் வரும்மா. திடல் ஓரத்தில் பெஞ்சு இருக்கிறதாம், அய்னாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றும் புரியாதவனாக எத்தனை நாள் இருப்பது என்று யோசித்தேன். லோரி பட்டறையில் கிடக்கிறது, எனக்கும் வேலை இல்லை. உன் கட்டிலுக்கு அடியில் இருந்த நாலாம் படிவப் பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்தேன். சிரிக்காதே. ஆறு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் படம் பார்த்தேன்.

புக்கிட் செந்தோசாவில் உனக்கு டியூஷன் எடுத்த வசந்தினி டீச்சருக்கும் போன் போட்டேன். இப்போது புஞ்சாக் ஆலாமில் இருக்கிறார். கங்கா எந்தக் கேள்வியில் விட்டாள் என்று கேட்டார், எனக்கு எங்கே தெரியும். இம்பல்ஸ் பாடம் என்று அய்னா சொன்னதை மட்டும் சொன்னேன். அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எல்லாரும் விழுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். எந்த இடம் என்று கேட்டேன். "நீங்களே போட்டுப் பாருங்க தங்கராஜு, நீங்களும் அங்கதான் விழுவீங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான்.

எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல். மொமெண்டம் என்றால் ஒரு பொருளின் கனத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. கனமும் வேகமும் கூடக்கூட அதை நிறுத்துவது கஷ்டம். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், பெயர்தான் தெரியாமல் இருந்தது. காலி லோரியும் பன்னிரண்டு டன் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் ஒரே வேகத்தில் போனாலும், பாதையில் மாடு நின்றால் ஒரே மாதிரி நிற்காது. அந்த மொமெண்டத்தை மாற்றக் கொடுக்கிற தள்ளுதான் இம்பல்ஸ். எவ்வளவு பலம், எவ்வளவு நேரம், இரண்டையும் பெருக்கினால் அது. மாட்டைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் மெதுவாக, நெடுநேரம் பிரேக் பிடிக்கலாம், யாருக்கும் நோகாது. கிட்டே வந்து பார்த்தால் கொஞ்ச நேரத்தில் முழுசையும் நிறுத்த வேண்டும், பலம் எகிறிவிடும், பின்னால் குலை எல்லாம் முன்னால் வந்து விழும். இதை நான் வருஷக் கணக்காகக் காலால் செய்துகொண்டு வந்திருக்கிறேன். பரீட்சையைக் காலால் எழுத விட்டால் நான் பாஸ்.

இனிமேல்தான் என் சொந்தக் கணக்கு. போன ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. ரதம் வரும்போது பதினொரு தேங்காய் உடைப்பதாக லோரிக்காக நேர்ந்துகொண்டிருந்தேன். போன வருஷம் தேங்காய்ச் சில்லு தெறித்து ஒரு பிள்ளையின் காலைக் கிழித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால் கோயில் செயலாளர் சத்தியசீலன் இந்த வருஷம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். உடைக்கிற சிமெண்டுப் பலகையைச் சுற்றி ஒரு பழைய டிராக்டர் டயரைப் படுக்கப் போட்டுவிட்டார். "சில்லு ஒண்ணு வெளிய வராது பாருங்கண்ணே" என்றார். சில்லு வரவில்லை. ஏழு தேங்காய் நன்றாக உடைந்தது. எட்டாவதை ஓங்கி அடித்தேன், குறி தவறி டயர் விளிம்பில் பட்டு, முழுத் தேங்காயாகத் திரும்பி என்னிடமே வந்துவிட்டது. முட்டியில் லேசாகத் தட்டியது. ரப்பரில் அடித்தால் அப்படித்தான், வேறு ஒன்றும் இல்லை.

அதைக் கணக்காக்கினேன். தேங்காய் அரைக் கிலோ. போனது நொடிக்குப் பத்து மீட்டர், மண்பாதையில் லோரி போகிற வேகம். திரும்பியது நொடிக்கு நாலு மீட்டர், சைக்கிள் வேகம். முன்னால் மொமெண்டம் ஐந்து. பின்னால் இரண்டு. ஐந்தில் இரண்டு போக மூன்று. ஆக டயர் கொடுத்த இம்பல்ஸ் மூன்று. அதுவே சிமெண்டில் பட்டு உடைந்து அங்கேயே நின்றிருந்தால், ஐந்தும் பூஜ்யமாகியிருக்கும், இம்பல்ஸ் ஐந்து. உடைகிற தேங்காய்க்கு அடி அதிகம், திரும்பி வருகிற தேங்காய்க்கு அடி குறைவு. என் முட்டிக்கு வந்தது வெறும் இரண்டு. அதனால்தான் வலியே இல்லை.

சரியா பார்த்துச் சொல்கிறாயா? வசந்தினி டீச்சரிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் எனக்கு வெட்கம் இல்லை.

பார்சலில் நெத்திலிச் சம்பல் இருக்கிறது, அய்னாவுக்கும் கொடு. முறுக்கு நொறுங்கியிருந்தால் தபால்காரர்கள் கொடுத்த இம்பல்ஸ். ஒரு வாய் சோற்றோடு சாப்பிடு. சாப்பிட்டாய் என்று ஒரு எழுத்து அனுப்பினாலும் அம்மா நிம்மதியாகக் குளிப்பாள்.

கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டிருக்கும்
உன் அப்பா
தங்கராஜு


பத்தாங் பெர்ஜுந்தாய்
செப்டம்பர் 15

கங்கா,

நேற்று மத்தியானம் உன் செய்தி வந்தது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், அந்தக் கையோடு போனை எடுத்ததால் இன்னும் போனில் மீன் வாடை. "ஏழுப்பா, மூணு இல்ல. திரும்பி வந்தா கழிக்கக் கூடாது, கூட்டணும்" என்று எழுதியிருந்தாய். அம்மா அதை உரக்க வாசித்துவிட்டு, "ஏழா? என்ன ஏழு? நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டாள். என் கணக்குத் தப்பாம் என்றேன். அதற்கு ஏன் அழுகிறீர்கள் என்றாள். வெங்காயம் என்றேன். வீட்டில் அன்றைக்கு வெங்காயமே இல்லை.

பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது செய்தி. "முட்டி எலும்புல பட்டா டைம் ரொம்ப கம்மி, ஃபோர்ஸ் ஜாஸ்தி. லோரி எந்தப் பட்டறையில இருக்கு? பொய் சொல்லாதீங்க." நான் உடனே கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. இன்று காலையும் எடுக்கவில்லை. பரவாயில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் மூன்று பொய் சொன்னேன்.

முதல் பொய், லோரி. அது எந்தப் பட்டறையிலும் இல்லை. நான்தான் பட்டறையில் இருக்கிறேன்.

இரண்டாவது, முட்டி. தேங்காய் தட்டியது என்னவோ லேசாகத்தான். ஆனால் நான் அதற்கு ஒற்றைக் காலில் ஒரு குதி குதித்தேன். கோயில் படியில் இடறி, அதே முட்டியைக் கொண்டுபோய்ச் சிமெண்டில் ஊன்றி விழுந்தேன். தேங்காய் அரைக் கிலோ, உன் அப்பன் தொண்ணூற்றிரண்டு கிலோ. நீயே பெருக்கிக்கொள். முட்டிச் சில்லில் விரிசல். ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சில்லு வெளியே வராது என்று சத்தியசீலன் சொன்னது தேங்காய்ச் சில்லைத்தான் என்று பிறகுதான் புரிந்தது. பாவம், அவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். டயரை எடுத்துவிட்டாராம். இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் பந்தலுக்குக் கொட்டிய மணல் இருந்தது. மணலில் விழுந்தால் நிற்க நேரம் கிடைத்திருக்கும், எலும்பு தப்பியிருக்கும். பாடம் எல்லாம் நன்றாகத்தான் புரிகிறது, கொஞ்சம் தாமதமாக.

மூன்றாவது பொய்யைச் சொல்லக் கை வரவில்லை. அந்தப் பதினொரு தேங்காய் லோரிக்கு நேர்ந்ததல்ல. உன் பேப்பருக்கு நேர்ந்தது. அதனால்தான் எட்டாவது உடையாமல் வந்தபோது சுற்றி நின்றவர்கள் அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை, விழுந்து கிடந்தேன். ஆனால் அன்றிலிருந்து அவள் அந்தத் தேங்காயைச் சமையலுக்கும் எடுக்கவில்லை, வெளியே போடவும் இல்லை. சாமி மேடைக்குக் கீழே ஒரு தட்டில் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

வசந்தினி டீச்சருக்கு நேற்றே போன் போட்டு, ஐந்தில் இரண்டைக் கழித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த இடம்தான் என்றார். சாயந்திரம் அய்னா சொன்னாள், சோதனையில் நீ விட்டதும் அதே இடமாம். பந்து சுவரில் பட்டுத் திரும்புகிற கேள்வி. அதில் ஒரு கழித்தல் போட்டதில் அடுத்தடுத்த கேள்வி எல்லாம் சரிந்துவிட்டதாம். அப்பனும் மகளும் ஒரே பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறோம். கங்கா அப்படியே உங்களைப் போல என்று அம்மா சொன்னாள். இதுவரைக்கும் அவள் அதைப் பாராட்டாகச் சொன்னதே இல்லை.

ஆனால் ஒன்று பார். நான் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீதான் மேலே நின்று, அப்பா அங்கே கழிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறாய்.

ஏன் கூட்ட வேண்டும் என்பது எனக்கு இன்று காலைதான் பிடிபட்டது. ஆலை வாசலில் லோரியைப் பின்னால் எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். முன்னால் போகிற வண்டியை அப்படியே பின்னால் எடுக்க முடியாது. முதலில் நிற்க வேண்டும். பிறகுதான் திரும்ப முடியும். தேங்காயும் அப்படித்தான். ஐந்து செலவழித்து நிற்கிறது, அதற்கு மேல் இரண்டு செலவழித்துத் திரும்புகிறது. மொத்தம் ஏழு. நான் தலைகீழாகச் சொல்லியிருந்தேன். உடைந்து அங்கேயே கிடப்பதற்கு ஐந்து போதும். முழுசாகத் திரும்பி வருவதற்கு ஏழு வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கணக்கு ஏறவில்லை. ஆனால் தட்டில் இருந்த தேங்காயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்போ அது ஒண்ணும் கெட்டதில்லையா என்று கேட்டாள். கெட்டதில்லை திலகம், மற்ற எல்லாத் தேங்காயையும்விட அதுதான் அதிகம் தாங்கியிருக்கிறது என்றேன். எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

கொஞ்சம்தான் வந்தது. உன் புத்தகத்தில் இதற்கு அடுத்த கணக்கு, உயரத்திலிருந்து கீழே விழுகிற ஒரு பொருளைப் பற்றியது. எத்தனை மாடி என்றுகூடப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கை நான் போடவில்லை. புத்தகத்தை மூடி, அம்மா கண்ணில் படாமல் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டேன். எத்தனை மார்க் போனாலும் போகட்டும், அந்தக் கணக்கு நம் வீட்டுக்கு வேண்டாம்.

நேற்றும் நீ அந்தப் படிக்கட்டில்தான் இருந்தாய் என்று அய்னா சொன்னாள். கையில் என் கடிதம் இருந்ததாம், ஓரத்தில் பென்சிலால் ஏதோ போட்டுக்கொண்டிருந்தாயாம். அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எங்கே உட்கார்ந்தாலும் அவளும் பக்கத்தில் வந்து உட்காருவாள். விரட்டாதே. அவள் அவ்வளவாகப் பேசுகிற பிள்ளை இல்லை. விடுதிக்குப் பொறுப்பான அம்மையாரிடமும் நானே பேசினேன். என் மலாயைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார், ஆனால் உன்னை வந்து பார்ப்பதாகச் சொன்னார். இதற்கெல்லாம் நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம். போன் போட்டுக் கோபித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நான் வந்திருப்பேன். பஸ்ஸில் எட்டு மணி நேரம் காலை மடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அம்மா வருகிறாள். இந்தக் கடிதத்தைக் கொடுப்பதும் அவளாகத்தான் இருக்கும், தபாலில் போட எனக்குப் பொறுமை இல்லை. கோல சிலாங்கூரைத் தாண்டித் தனியாக எங்கும் போகாதவள், நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறாள். மூன்று நாளாக என்னிடம் கேட்டுக்கேட்டு வழியை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். டிக்கெட்டை முந்தாநாளே எடுத்துவிட்டோம். உன் ஏழு வந்த பிறகு அவள் அதை ரத்துச் செய்வாள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு பை கூடுதலாகக் கட்டினாள்.

அந்தப் பையின் அடியில் உன் பழைய துண்டில் சுற்றி ஒரு தேங்காய் இருக்கும். எந்தத் தேங்காய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை உடைக்காதே, சம்பல் அரைக்கவும் அய்னாவிடம் கொடுத்துவிடாதே. மேசையில் வை. உருளாமல் இருக்க அடியில் என் கடிதத்தை மடித்து வை. கடைசியில் என் எழுத்து அதற்காவது உதவட்டும்.

இருபத்தொன்பதாம் தேதி பேப்பர் எழுத முடிந்தால் எழுது. அம்மா அதுவரை அங்கேயே பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவாள், கோயில் எங்கே என்று கேட்டு உன்னைத் தொந்தரவு செய்வாள். எழுத முடியவில்லை என்றால் தேங்காயையும் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறு. யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். தோட்டத்தில் யாராவது கேட்டால் என் முட்டியைக் காட்டுகிறேன், எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள். இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள்.

திரும்பி வந்தால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். உன் கையால் எழுதிய விடை அது, டீச்சரும் சரி என்று சொல்லிவிட்டார். இந்த வீட்டிலும் அந்தக் கணக்குத்தான் கங்கா. நீ எத்தனை மார்க்கோடு வந்தாலும் சரி.

அம்மா உன்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பாள். கொஞ்ச நேரம் விடமாட்டாள். நீயும் அவசரப்படாதே.

வாசல் பக்கம் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா
தங்கராஜு